காதுக்குள் ஒரு மகன்

அத்தியாயம் ஒன்பது

"கறுப்புல வராதம்மா" என்று லிபோரியோ முந்தின நாளே போனில் சொல்லியிருந்தான். "ஊர்லேருந்து இப்பதான் ரயிலை விட்டு இறங்கின மாதிரி இருக்கு."

ரயிலை விட்டு இறங்கி நாலு நாள்தான் ஆகிறது. பின்னே எப்படி இருக்குமாம்? வெனேராவுக்குக் கேட்க வாய் துறுதுறுத்தது. ஆனால் கேட்கவில்லை. மகனிடம் எதையும் கேட்காமலிருக்க அவள் எப்போதோ பழகிவிட்டாள்.

பனிக்காலத்தில் புருஷன் கலோஜெரோ கண்ணை மூடியதிலிருந்து உடம்பை விட்டு இறக்காத கறுப்பு உடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நீல மேலங்கியை மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கோங்க" என்று இல்லாத புருஷனிடம் சொல்லிவிட்டு, கைப்பையைத் தோளில் போட்டாள். பை கனத்தது. உள்ளே நெத்திலி ஜாடி.

அந்த ஜாடிக்கு ஒரு கதை உண்டு. தெற்கே, அவள் ஊரான ஷாக்காவின் மீன் ஆலையில் நெத்திலிக்கு உப்புப் போட்டே வயசான கை வெனேராவுடையது. மகன் புளோரன்ஸ்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு, செய்த பிறகு போனில் தகவல் சொன்ன நாளிலிருந்து, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜாடி மருமகளுக்குத் தபாலில் போகும். நீலக் கட்டம் போட்ட துணியால் வாயை மூடி, நூலால் ரெட்டை முடிச்சுப் போட்டு, நுனி இரண்டையும் முயல் காது மாதிரி விட்டிருப்பாள். பதிலுக்கு ஒரு வார்த்தை வந்ததில்லை. "ஜினேவ்ராவுக்கு அந்த வாடை ஆகாதும்மா. ஜாடியை எடுத்து வெளில வச்சிடறா. இனிமே அனுப்பாதே" என்று போன வருஷம் மகன் சொல்லிவிட்டான். அனுப்பவில்லை. ஆனால் நேரில் வரும்போது வெறுங்கையோடு வர அவளுக்கு மனசு வரவில்லை.

வந்து என்ன பிரயோஜனம்? ஸ்டேஷனிலிருந்து நேரே கன்னியர் மடத்து விடுதியில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். வீட்டில் வர்ணம் அடிக்கிறார்களாம். மறுநாள் ஜினேவ்ராவுக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் ஜினேவ்ராவின் அப்பா வீட்டில் விருந்து. நேற்று, காரணம் சொல்லக்கூட இல்லை. இன்று சாயங்காலம் ஷாக்கா பக்கம் போகிற ரயிலில் அவளுக்கு இடம் போட்டாகிவிட்டது.

"கடைசி நாள், என் சுற்றுலாக் குழுவோட வந்து ஊரைச் சுத்திப் பாரேன். நாள் பூரா நாம ஒண்ணா இருக்கலாம்" என்று ஆசை காட்டினான். கூடவே ஒரு நிபந்தனை. "நீ என் அம்மான்னு யார்கிட்டயும் சொல்லிடாதே. கம்பெனில சொந்தக்காரங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு சட்டம்."

சரி என்றாள். மகனுடைய வீட்டு வாசற்படியைத்தான் மிதிக்கவில்லை. ரயில் ஏறுவதற்குள் நாலு பேர் முன்னால் "இவங்க என் அம்மா" என்று ஒரு தடவை சொல்லிவிட மாட்டானா? அதற்கு மேல் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பைச் சுருக்கச் சுருக்கக் கடைசியில் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

பெரிய கோயிலுக்கு எதிரே ஞானஸ்நானக் கோயிலின் நிழலில் குழு கூடியிருந்தது. ஊதினே ஊரிலிருந்து வந்த ஓய்வு பெற்றவர்கள் சங்கம். எல்லார் தலையிலும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி. நடுவில், சிவப்புக் கொடி கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு லிபோரியோ.

"லாப்போ! இங்க வாங்க லாப்போ!" என்று ஒரு கிழவர் அவனைக் கூப்பிட்டார்.

வெனேரா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஷாக்காவில் லாப்பா என்றால் காய்கறி விற்கும் மூன்று சக்கர வண்டி. எந்த வண்டியும் வரவில்லை. அவள் மகன்தான் "இதோ வந்துட்டேன்" என்று போனான்.

ஓகோ. லிபோரியோ, மாமனார் ஊருக்குத் தோதாக லாப்போ ஆகியிருக்கிறான்.

எல்லாருக்கும் ஒரு சின்னக் கருவி கொடுத்துக்கொண்டே வந்தான். கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து வரும் வயரைக் காதில் செருகிக்கொள்ள வேண்டும். அவளிடம் வந்தபோது அவன் பார்வை அவள் கண்ணுக்கு வரவே இல்லை. நெற்றியோடு நின்றுவிட்டது.

"இதைக் காதுல வச்சுக்கோங்க, சிஞ்ஞோரா. நான் தூரத்துல இருந்தாலும் கேட்கும்."

பெற்ற பிள்ளை வாயால், யாரோ ஒரு அம்மணியைக் கூப்பிடுகிற மாதிரி "சிஞ்ஞோரா", "நீங்க". அவள் தலையாட்டினாள். அவன் தன் கழுத்தில் தொங்கிய பெட்டியின் பொத்தானை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது.

"காலை வணக்கம், நண்பர்களே. நல்லா கேட்குதா?"

வெனேரா திடுக்கிட்டுப் போனாள். அவன் பத்தடி தள்ளி நின்றான். ஆனால் குரல் அவள் காதுக்குள்ளேயே இருந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. குழந்தையில் தோளில் போட்டுத் தூங்க வைக்கும்போது அவள் காதில் விழுந்த அதே மூச்சு. இத்தனை வருஷமாகப் போனில், "எப்படியிருக்கே, நல்லாயிருக்கேன், வச்சிடறேன்" தவிர அவன் பேசியதில்லை. இன்று நாள் பூராவும் பேசப்போகிறான். ஊருக்கே பேசுகிற பேச்சுதான். இருக்கட்டுமே, தன் காதில் விழுவது தனக்குத்தானே என்று அவள் வயரை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"நீங்க எங்க சங்கம் இல்லையே?" பக்கத்தில் ஒரு குண்டு அம்மாள், தொப்பியைச் சரி செய்துகொண்டே கேட்டாள். "நான் இல்தே. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனேன்."

"நான் வெனேரா. தனியா சேர்ந்துக்கிட்டேன்."

"தனியாவா? அடப் பாவமே. பசங்க இல்லையா?"

"ஒரு மகன். வேலையா இருக்கான்."

பொய் இல்லை. எதிரிலேயே நின்று வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ஞானஸ்நானக் கோயிலின் தங்கக் கதவுக்கு முன்னால் கொடி நின்றது. வெளியூர்க் கூட்டத்தில் வெனேரா எட்டிப் பார்த்தும் கதவின் மேல் விளிம்புதான் தெரிந்தது. ஆனால் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"எனக்கு அஞ்சு வயசு இருக்கும். என் பாப்போ என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, இதே இடத்துல நின்னு, அதோ அந்தச் சின்னத் தலை தெரியுதா, அது இந்தக் கதவைச் செஞ்சவரோட தலைதான்டான்னு காட்டினார். அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்த ஊரை உலகத்துக்குக் காட்டணும்னு."

வெனேராவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பாப்போவா? ஷாக்காவில் பாப்பு என்றால் மடையன், ஏமாளி என்று அர்த்தம். கலோஜெரோவைத் தெருவில் சில பேர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிற மனுஷன். சொந்தப் பிள்ளையே ஊர் முன்னால் அப்பனை மடையன் என்கிறானே!

"என்ன சொன்னார் இப்ப? என் மடையன்னா?" என்று இல்தேயைப் பிடித்து இழுத்துக் கேட்டுவிட்டாள்.

இல்தே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நீங்க தெக்கத்தி ஆளா? இந்த ஊர்ல அப்பாவை அப்படித்தாங்க கூப்பிடுவாங்க. பாப்போன்னா அப்பா. நம்ம லாப்போ அசல் இந்த ஊர் மண்ணு. நாலு தலைமுறையா தோல் பை தைக்கிற குடும்பமாம், விளம்பரத்துலயே போட்டிருக்கு."

வெனேராவுக்கு அப்போதுதான் புரிந்தது. மடையன் என்று சொல்லியிருந்தாலாவது அது கலோஜெரோவைப் பற்றியதாக இருந்திருக்கும். இது வேறு யாரோ. தோல் பை தைக்கிற எவனோ ஒருவன் அவள் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். ஷாக்காவில் டவுன் பஸ் ஓட்டி, சம்பளக் கவரைப் பிரிக்காமல் பிள்ளையின் படிப்புக்கு அனுப்பிய கலோஜெரோ அந்தக் கதையில் எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு சிலைகள், கோபுரங்கள், பாலம். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. வெனேராவுக்கு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. கால் வலித்தது. பின்தங்கினால் காதில் கரகரவென்று இரைச்சல் வரும். உடனே வேகமாக எட்டு வைப்பாள். குரல் திரும்பி வரும். இப்படியே சதுக்கம் சதுக்கமாக மகன் குரலைத் துரத்திக்கொண்டு போனாள்.

பழைய அரண்மனை முன்னால் இல்தேதான் கேட்டுத் தொலைத்தாள். "லாப்போ, உங்க அப்பா கதை சொன்னீங்க. அம்மாவைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

வெனேராவின் கை தானாகக் கைப்பையை இறுக்கியது.

"அம்மாவா…" காதுக்குள் ஒரு சின்ன இருமல். "நான் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டாங்க."

மஞ்சள் தொப்பிகள் எல்லாம் "த்சொ" கொட்டின. அவன் அப்போதுதான் கூட்டத்தின் தலைகளுக்கு மேல் அவளைப் பார்த்தான். வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. தினமும் யாராவது கேட்பார்கள், தினமும் இதே பதிலைச் சொல்வான். இன்றைக்கு மாற்றிச் சொல்ல ஒரு நொடி நேரம் இருந்தது. அவன் கொடியைத் தூக்கி, "இடது பக்கம் பாருங்க, இந்தச் சிலை…" என்று ஆரம்பித்துவிட்டான்.

வெனேரா இடது பக்கம் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். செத்துப் போவது ஒன்றும் பெரிய காரியமில்லை, எல்லாரும் ஒரு நாள் போகிறவர்கள்தான். ஆனால் தன் சாவுக்கு ஊரார் த்சொ கொட்டும்போது நடுவில் நின்று தானும் தலையாட்ட வேண்டி வந்ததே! ஷாக்காவில் வெறும் வீட்டில் ஒற்றைத் தட்டு போட்டுச் சாப்பிட்ட ராத்திரிகளில்கூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

"தாயில்லாப் பிள்ளை" என்று இல்தே மூக்கைச் சிந்தினாள். "அதான் முகத்துல ஒரு வாட்டம்."

"ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டான்" என்றாள் வெனேரா.

மதியம் சாந்தா குரோச்சே கோயிலுக்கு எதிரே குழுவைச் சாப்பிட விட்டான். தொப்பிகள் கோயில் படியில் வரிசையாக உட்கார்ந்தன. காதில் இருந்ததை எல்லாரும் கழற்றி மார்பில் தொங்கவிட்டார்கள். லிபோரியோ, மாட்டுக் குடலை வேக வைத்து ரொட்டிக்குள் வைத்துத் தருகிற வண்டி ஒன்று மூலை திரும்பினால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனான்.

வெனேரா மட்டும் கழற்றவில்லை. எதற்குக் கழற்ற வேண்டும்? பொத்தானை அமுக்கி அணைக்க மறந்துவிட்டுப் போயிருந்தான். அவன் நடப்பது, மூக்கை உறிஞ்சுவது, வண்டிக்காரனிடம் "காரமா போடு" என்பது, எல்லாம் கேட்டன. ஊரில் அவன் ஹாலில் நடமாடும்போது அடுப்படியில் அவளுக்குக் கேட்குமே, அந்த மாதிரி. அவள் ரொட்டியைக் கடித்தாள். உப்பில்லை.

"உப்புப் போட மறந்துட்டானா?"

"இந்த ஊர் ரொட்டியே அப்படித்தான்" என்றாள் இல்தே. "உப்பே போட மாட்டாங்க."

அந்த நேரத்தில் காதுக்குள் ஒரு பெண் குரல்.

"லிபோரியோ!"

வெனேரா மெல்லுவதை நிறுத்தினாள். அவனை அவன் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரிலும் ஒருத்தி இருக்கிறாள்.

"ஜினேவ்ரா? நீ எங்க இந்தப் பக்கம்?"

"மருந்துக்கடைல சாப்பாட்டு நேரம். உன் கொடி தெரிஞ்சுது, வந்தேன். ஒரு வாய் குடு… ம்ம். இந்தச் சப்பை ரொட்டிக்கு உங்கம்மாவோட நெத்திலி இருக்கணும். வெண்ணெய் தடவி, மேல ரெண்டு வச்சா, ஆகா! போன கிறிஸ்துமஸுக்கு ஏன் ஜாடி வரலை?"

"அப்பா போன துக்கத்துல மறந்திருப்பாங்க."

"ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வருவோம்னா கேட்க மாட்டேங்கற. அடக்கத்துக்கும் வேண்டாம்னுட்டே."

"உன்னைக் கண்டா அவங்களுக்கு ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் என்ன பண்ணினேன் அவங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணலை. பழங்காலத்து மனுஷி. வடக்கத்திப் பொண்ணுன்னாலே பிடிக்காது."

"அப்படிப் பிடிக்காதவங்க ஜாடி வாய்ல முயல் காது வச்சு முடிச்சுப் போட்டு அனுப்புவாங்களா? பதினோரு துணியும் பத்திரமா வச்சிருக்கேன் தெரியுமா? எனக்கென்னவோ நீ சொல்றது…"

வெனேரா மீதி ரொட்டியைப் படியில் வைத்தாள்.

வர்ணம் அடிக்கவில்லை. தலைவலி இல்லை. அந்தப் பெண் ஜாடியை வெளியில் வைக்கவில்லை, துணியைக்கூட எறியவில்லை. பதினோரு வருஷமாக இரண்டு பேரையும் ஒருவரை ஒருவர் வெறுக்கிறவர்களாகச் சொல்லிச் சொல்லி, நடுவில் இவன் நின்றிருக்கிறான். மருமகள் மேல் எத்தனை ராத்திரி எரிச்சல் பட்டிருப்பாள்! அத்தனையும் வீண். வெட்கப்பட்டது அவளல்ல, தன் பிள்ளை. மீன் நாற்றம் பிடித்த அம்மாவைக் காட்ட வெட்கம்.

அழுகை வந்தது. அழுதிருப்பாள். அதற்குள் இல்தே தன் மார்பில் தொங்கிய வயரைத் தூக்கிக் காதருகில் கொண்டுபோனாள். "என்னமோ பேச்சு கேட்குதே? ஆரம்பிச்சுட்டாரா?"

"இல்லை, இல்லை!" வெனேரா அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "சாப்பிட்டுக்கிட்டிருக்கார். நீங்க நிதானமா சாப்பிடுங்க. அதுல வெறும் இரைச்சல்தான்."

எழுந்து நடந்தாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. ஊதினே சங்கம் மொத்தமும் எந்த நிமிஷமும் காதில் மாட்டிக்கொள்ளலாம். நாலு தலைமுறைத் தோல் பைக் குடும்பத்து லாப்போவின் மானம் அந்தப் படியில் முப்பது வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனே தேடிக்கொண்டது, போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட முடியவில்லை. காலையில் அவன் அவளைச் சாகடித்திருந்தும், அவளுக்குள் இருந்த தாய் அப்படியேதான் இருந்தாள்.

மூலை திரும்பினாள். வண்டிப் பக்கத்தில், மருந்துக்கடை வெள்ளை அங்கியில் ஒரு பெண். ஒல்லி, கண்ணாடி போட்ட முகம், நாற்பதை நெருங்கும் வயசு. லிபோரியோ அம்மாவைப் பார்த்ததும் ரொட்டியை இறக்கினான்.

"உன் குழுவுல வந்தவங்களா?" என்றாள் ஜினேவ்ரா.

"ஆமா. என் குழுதான்." அவன் அம்மா பக்கம் திரும்பினான். "சொல்லுங்க சிஞ்ஞோரா, ஏதாவது வேணுமா?"

அதை வெனேரா இரண்டு தடவை கேட்டாள். ஒரு தடவை எதிரிலிருந்து, ஒரு தடவை காதுக்குள்ளிருந்து. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அவள் கிட்டே போனாள். கையை நீட்டி, அவன் கழுத்துப் பெட்டியின் பொத்தானை, காலையில் அவன் செய்ததைப் பார்த்த மாதிரியே, அழுத்தினாள். விளக்கு அணைந்தது. காதில் சத்தம் அற்றது.

"எல்லாருக்கும் கேட்குதுப்பா" என்றாள் மெல்ல.

அவன் முகம் வெளுத்துப் போயிற்று.

அதோடு அவள் கையை எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் ஜினேவ்ராவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் கை சும்மா வரவில்லை. பெட்டியின் பட்டைக்கு அடியில் மடங்கிக் கிடந்த அவன் காலர் நுனியை வெளியே இழுத்து விட்டது. அதில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டியது. பள்ளிக்கூடம் அனுப்பும்போது செய்கிற மாதிரி காலரை ஒரு தடவை நீவியும் விட்டது. நாற்பது வயசு ஆம்பிளை, தலை குனிந்து, அசையாமல் நின்றான்.

ஜினேவ்ரா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பையின் வாய் திறந்திருந்தது. நீலக் கட்டத் துணி, ரெட்டை முடிச்சு, இரண்டு முயல் காது.

அவள் கையிலிருந்த காகிதத் துடைப்பான் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"லிபோரியோ" என்றாள். "இவங்க யாரு?"

வெனேரா காதிலிருந்த வயரைக் கழற்றிக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். அவன் என்ன சொன்னாலும், இனி வெறும் காதாலேயே கேட்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.